53 மீட்டருக்கு எந்த ரெகுலேட்டர்?

கேள்வி:

"அண்ணா, ஸ்கூபா டைவிங்கில் டெகோ கோர்ஸ் (ஆழத்திலிருந்து நின்று நின்று மேலேறும் பயிற்சி) முடித்துவிட்டேன். அடுத்து ட்ரைமிக்ஸ், அதாவது ஹீலியம் கலந்த வாயுவில் இறங்கும் பயிற்சி. அதன்பின் மட்டக்களப்புக்கு அப்பால் 53 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கு இறங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் இப்போது கையில் ஒன்று இருக்கிறது, யோக் கிளாம்ப் போட்ட பழைய பிஸ்டன் வகை. ஆழம் போகப் போக விலை அதிகமான மாடல்தான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்று வாங்க பட்ஜெட் இருக்கிறது. எதை வாங்கட்டும்?"

பிப்ரவரி 4, இரவு

தம்பி, ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் இந்த சீசன் ஹெர்மிஸை விட்டுவிடுங்கள். கப்பல் எங்கேயும் போகாது. 1942 ஏப்ரல் 9 முதல் அங்கேதான் கிடக்கிறது.

முதுகில் போடும் இரட்டைச் சிலிண்டரான ட்வின்செட்டுக்கு இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பாகம்) வேண்டும், ஒவ்வொரு போஸ்டுக்கும் (வால்வு முனைக்கும்) ஒன்று. மேலேறும்போது மூச்சுவிடும் வாயு இருக்கும் டெகோ பாட்டிலுக்கு ஒன்று. ஆக மூன்று செட். இரண்டு டெகோ வாயு என்றால் நான்கு. விலைப்பட்டியலில் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு மாடலுக்குக் கொடுக்கும் காசில் நடுத்தர விலையில் நல்ல செட் இரண்டு கிடைக்கும். அந்த இரண்டுதான் பாதுகாப்பு. 53 மீட்டரில் ஒரு ரெகுலேட்டர் கோளாறானால் அதன் விலை உங்களுக்கு உதவாது, பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ரெகுலேட்டர்தான் உதவும்.

என் கருத்து இதுதான்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாரால் சர்வீஸ் செய்ய முடியுமோ, எதற்கு சர்வீஸ் கிட் கிடைக்குமோ, அதை வாங்குங்கள். பிராண்ட் கடைசிக் கேள்வி.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதைப் படித்தால் எந்த ரெகுலேட்டரும் ஒன்றுதான் என்பதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதலில் டின், அதாவது ரெகுலேட்டரை வால்வுக்குள் திருகி மாட்டும் முறை. யோக் கிளாம்ப் வேண்டவே வேண்டாம். யோக்கில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வால்வின் முகப்பில் உட்கார்ந்திருக்கும், கிளாம்ப் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும். கப்பலுக்குள் ஒரு இரும்புச் சட்டத்தில் பின்மண்டைப் பக்கம் இடித்தால் கிளாம்ப் அசையும், ஓ-ரிங் பிதுங்கும், அவ்வளவுதான். டின்னில் ரெகுலேட்டரே வால்வுக்குள் மரை ஏறி உட்காருகிறது, ஓ-ரிங் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. 232 பார், 300 பார் என்று இரண்டு வகை டின் வால்வு உண்டு. 300 பாருக்கான ஏழு மரை ரெகுலேட்டர் இரண்டிலும் ஏறும், அதையே எடுங்கள்.

உங்கள் பழைய ரெகுலேட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். பல மாடல்களுக்கு டின் மாற்று கிட் தனியாக விற்கிறார்கள். அது பேலன்ஸ்டு வகையா என்று பார்த்துச் சொல்லுங்கள், அதை வைத்து இன்னும் பேசலாம்.

பிப்ரவரி 5, மாலை

பேலன்ஸ்டு என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வேலை, சிலிண்டரில் இருக்கும் 200 பாரை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் அதிகமாக இருக்கும் ஓர் இடைநிலை அழுத்தத்துக்குக் குறைப்பது. டைவர்கள் ஐ.பி. என்று சொல்வது இதைத்தான். அன்பேலன்ஸ்டு வகையில் சிலிண்டர் காலியாகக் காலியாக இந்த ஐ.பி. மாறும், மூச்சு இழுப்பது கனமாகும். பேலன்ஸ்டு வகையில் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் 50 பாருக்கு வந்திருந்தாலும் ஐ.பி. ஏறக்குறைய அப்படியே நிற்கும். முதுகில் போடுவதற்கு பேலன்ஸ்டு மட்டும்தான்.

பிப்ரவரி 9

பிஸ்டனா டயாஃப்ரமா? இந்தச் சண்டை ஓயாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பிஸ்டனில் அசையும் பாகம் குறைவு, வாயு ஓட்டம் அதிகம். ஸ்கூபாப்ரோவின் எம்.கே. 25 இதற்கு நல்ல உதாரணம். திறந்துவிட்டால் காற்று கொட்டும். நான் அதில் நிறைய இறங்கியிருக்கிறேன், மூச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதன் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் நேராகப் போய்வரும். நம் கடலில் நீரோடு மணலும் வண்டலும் வரும். புதுச்சேரியில் நீர் கலங்கிய நாளில் இறங்கிவிட்டு வந்து அந்த ஓட்டைகள் வழியே பார்த்தால் ஸ்பிரிங் சுருளில் சாம்பல் நிறத்தில் மண் படிந்திருக்கும். காய்ந்தால் அதோடு உப்பும் சேர்ந்து இறுகிவிடும். நன்னீரில் ரொம்ப நேரம் ஊற வைத்தால்தான் போகும்.

சீல் செய்த டயாஃப்ரம் வகையில் இந்தத் தொல்லை இல்லை. வெளியே ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது, நீர் அதைத் தாண்டாது, அழுத்தம் மட்டும் உள்ளே கடத்தப்படுகிறது. ஏபெக்ஸின் டி.எஸ். 4, டி.எஸ்.டி., ஸ்கூபாப்ரோவின் எம்.கே. 17 எல்லாம் இந்த வகைதான். இங்கிலாந்திலும் ஸ்வீடனிலும் இதைக் குளிருக்காக வாங்குவார்கள், உள்ளே பனி கட்டி ஃப்ரீஃப்ளோ ஆகாமல், அதாவது காற்று நிற்காமல் கொட்டாமல், இருக்க. மட்டக்களப்பில் அந்தக் கவலை கிடையாது, நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். நமக்கு இந்த சீல் தேவைப்படுவது உப்புக்கும் மணலுக்கும்.

ஆகவே டயாஃப்ரம், சீல் செய்தது. இது என் முடிவு.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் ஓட்டம் முக்கியம் இல்லையா? ஆழத்தில் அதுதானே வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

53 மீட்டரில் அழுத்தம் 6.3 பார். நிதானமாக மூச்சுவிடுபவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் அங்கே 126 லிட்டர். பதற்றத்தில் இருக்கும் இருவர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து இழுக்கிறார்கள், ஆளுக்கு 30 லிட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 378 லிட்டர். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் நல்ல பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் எதுவும் இதைச் சமாளிக்கும், பிஸ்டனாக இருந்தாலும் டயாஃப்ரமாக இருந்தாலும். விளம்பரத்தில் போடும் ஆயிரக்கணக்கான லிட்டர் என்ற எண் நிறைந்த சிலிண்டரில் எடுத்தது. அந்த எண்ணில் இரண்டு மாடலுக்கு இடையே உள்ள வித்தியாசம் உங்கள் நுரையீரலுக்குத் தெரியப்போவதில்லை.

உங்கள் நுரையீரலுக்குத் தெரியும் விஷயம் வேறு. அதற்குத் தனியாக எழுத வேண்டும். நாளைக்கு.

பிப்ரவரி 11

ஆழத்தில் மூச்சு கனமாக இருக்கிறது என்று சொல்லி ரெகுலேட்டரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாற்றியிருக்க வேண்டியது வாயுவை.

ஐரோப்பியத் தரமான இ.என். 250 ஒரு ரெகுலேட்டரை 50 மீட்டர் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் சுவாச வேகத்தில் சோதிக்கிறது. மூச்சுவிடும் உழைப்பு லிட்டருக்கு 3 ஜூலைத் தாண்டக் கூடாது. நல்ல ரெகுலேட்டர்கள் இந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கின்றன. நடுத்தர விலை மாடலுக்கும் உச்ச விலை மாடலுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கீழ்ப்பகுதிக்குள்தான் இருக்கிறது. சோதனையே 50 மீட்டரோடு முடிகிறது, ஹெர்மிஸின் அடிமணல் அதற்கும் கீழே என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்போது வாயுவின் அடர்த்தியைப் பாருங்கள். காற்று மேற்பரப்பில் லிட்டருக்கு சுமார் 1.3 கிராம். 53 மீட்டரில் 8 கிராமைத் தாண்டுகிறது. கேவின் ஆன்டனியும் சைமன் மிட்செலும் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை, அடர்த்தி 5.2-க்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டவே கூடாது என்பது. காற்றில் 5.2 என்பது 30 மீட்டர் வாக்கிலேயே வந்துவிடுகிறது. அதற்குமேல் நுரையீரலிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு சரியாக வெளியேறாது. அது உடம்பில் சேர்ந்தால் மூச்சு வாங்கும், பயம் வரும், நைட்ரஜன் மயக்கமும் கூடும். எத்தனை லட்சத்துக்கு ரெகுலேட்டர் வாங்கினாலும் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் தடை உங்கள் மூச்சுக்குழாயிலேயே இருக்கிறது.

18/45 ட்ரைமிக்ஸ், அதாவது 18 சதவீதம் ஆக்ஸிஜன், 45 சதவீதம் ஹீலியம். அதே 53 மீட்டரில் அடர்த்தி ஏறக்குறைய 5 கிராம். 21/35 எடுத்தால் 5.7 வாக்கில். காற்றில் இறங்கினால் ஆக்ஸிஜன் பகுதியழுத்தம் 1.3 சொச்சம்தான், அந்தக் கணக்கில் எல்லாம் சரியாகத் தெரியும். அதை நம்பித்தான் பலர் காற்றிலேயே ஹெர்மிஸுக்கு இறங்குகிறார்கள். நான் இறங்க மாட்டேன். ஹீலியத்துக்குக் காசு இல்லாத வருடம் நான் அங்கே போகாத வருடம்.

தம்பி, ரெகுலேட்டரில் மிச்சம் பிடிக்கும் பணத்தை ஹீலியத்தில் போடுங்கள்.

பிப்ரவரி 12

ஹெர்மிஸைப் பற்றி இரண்டு வரி கேட்டிருந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பலாகவே முதலில் வடிவமைக்கப்பட்ட பிரிட்டிஷ் கப்பல். திருகோணமலையிலிருந்து தன் விமானங்கள் இல்லாமலே கிளம்பியிருந்தது. ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் அன்றே மூழ்கியது. விட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றியது. அது ஒரு கல்லறை. உள்ளே எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. இதை நான் ரெகுலேட்டரைவிட அழுத்திச் சொல்வேன்.

முதல் ஆழப் பழக்கத்துக்கு அந்தப் பக்கத்திலேயே பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. அதுவும் அதே நாளில் மூழ்கியதுதான். ட்வின்செட்டோடு முதலில் அங்கே போங்கள்.

பிப்ரவரி 16

ஹோஸ் அமைப்பு. சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன், முடியுமா தெரியவில்லை.

வலது போஸ்டில் நீண்ட ஹோஸ், ஏறக்குறைய 2.1 மீட்டர். நீங்கள் மூச்சுவிடுவது இதில்தான். இறக்கை என்ற மிதவைப் பைக்குக் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டரும் இதே பக்கம். இடது போஸ்டில் குட்டையான ஹோஸில் மாற்று செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பாகம்), கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும். பிரஷர் கேஜும் இடது பக்கம். கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் உங்கள் வாயில் இருப்பதையே எடுத்து நீட்டுவீர்கள், நீங்கள் தாடைக்குக் கீழே இருப்பதை எடுத்துக்கொள்வீர்கள். வேலை செய்கிறது என்று அந்த நொடி வரை உறுதியாகத் தெரிந்த ரெகுலேட்டர் அவருக்குப் போகிறது. ஹோஸ் நீளமாக இருப்பதால் குறுகிய வழியில் ஒருவர் பின் ஒருவராக வெளியேறலாம். புளோரிடாவின் குகை டைவர்களிடமிருந்து வந்த பழக்கம் இது, ஷெக் எக்ஸ்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஏன் வலது போஸ்ட்? முன்னோக்கி நீந்தும்போது மேற்கூரையில் உரசினால் இடது வால்வின் குமிழ் மூடும் திசையில் சுழலும், வலது குமிழ் திறக்கும் திசையில். நீண்ட ஹோஸ் தானாக மூடிக்கொள்ளக் கூடாது, அதனால்தான்.

இது ரெகுலேட்டர் தேர்வையும் பாதிக்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஹோஸ் துளைகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று கடையிலேயே பாருங்கள். ட்வின்செட்டில் ஹோஸ்கள் எல்லாம் கீழ்நோக்கி, முதுகை ஒட்டி இறங்க வேண்டும். பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நின்றால் கயிறும் வலையும் மாட்டும். நம் கடலில் மூழ்கிய கப்பல் எல்லாவற்றிலும் மீன்பிடி வலை சுற்றியிருக்கும். டி.எஸ்.டி.யில் சுழலும் தலை உண்டு, அதன் முனையில் ஐந்தாவது துளையும் உண்டு, சைட்மவுன்ட் செய்பவர்களுக்கு, அதாவது சிலிண்டரை விலாப்பக்கம் கட்டுபவர்களுக்கு, அது பிடிக்கும். டி.எஸ். 4-இல் சுழலும் தலை இல்லை. முதுகு ட்வின்செட்டுக்கு அதுவே போதும், அசையும் மூட்டு ஒன்று குறைவு.

பிப்ரவரி 17

"போஸைடான் வாங்கலாமா?" ஸ்வீடன்காரர்கள் தயாரிப்பது. அவர்களுடைய எக்ஸ்ட்ரீம் என்ற மாடல் மூச்சுக்கு அருமை. காற்று வெளியேறும் வழி பக்கவாட்டில் இருப்பதால் இடம் வலம் எந்தப் பக்கமிருந்தும் வாயில் வைக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை. சாதாரண செகண்ட் ஸ்டேஜில் ஐ.பி. அளவுமீறி ஏறினால் வால்வு தானாகத் திறந்து கசியும், அதுவே பாதுகாப்பு. போஸைடானின் வால்வு எதிர்த்திசையில் மூடுவது, ஐ.பி. ஏறினால் இன்னும் இறுக மூடும். அதனால் அதற்கென்று தனியாக அழுத்தம் விடுவிக்கும் வால்வு வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் வேறு கம்பெனியின் சாதாரண ஹோஸை மாட்டினால் அழுத்தம் வெளியேற வழி இல்லாமல் ஹோஸ் வெடிக்கலாம். சர்வீஸ் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் உங்கள் ஊரில் உண்டா? இல்லையென்றால் வேண்டாம்.

மார்ச் 1

சர்வீஸ் பற்றி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று கேட்டார்கள். சொல்கிறேன்.

ஒருமுறை சர்வீஸ் முடிந்து வந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜை வீட்டில் சிலிண்டரில் மாட்டி, இன்ஃப்ளேட்டர் ஹோஸில் ஐ.பி. கேஜைச் செருகினேன். ஊசி 9.5-இல் நின்றது. செகண்ட் ஸ்டேஜின் பட்டனை நாலைந்து முறை அழுத்தி விட்டேன். இறங்கி மறுபடி 9.5. சரி என்று அப்படியே வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். 9.6. 9.8. நின்றதுபோல இருக்கும், மறுபடி ஒரு மயிரிழை ஏறும். டம்ளர் காலியாவதற்குள் 11-ஐத் தாண்டியது, கழுத்து வளையத்துக்கான செகண்ட் ஸ்டேஜ் மெல்ல சீற ஆரம்பித்தது. உள்ளே ஹை பிரஷர் சீட் (சிலிண்டர் வாயுவை அடைத்து நிறுத்தும் சிறு பாகம்) சரியாக உட்காரவில்லை. சர்வீஸ் செய்த கடையில் திரும்பக் கொடுத்தபோது "அது செட் ஆகிவிடும்" என்றார்கள். வேறொருவரிடம் கொடுத்து, திறந்து பார்த்தால் பழைய சீட்டையே துடைத்துத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

கடையில் ஊதிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. மூச்சு நன்றாகத்தான் வரும்.

ஆகவே தம்பி, வாங்க வேண்டிய முதல் பொருள் ஐ.பி. கேஜ். ரெகுலேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஐந்து நிமிடம் மாட்டிப் பாருங்கள்.

மார்ச் 1, தொடர்ச்சி

கேஜ் இல்லாமல் செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் எழுதிவிடுகிறேன். சிலிண்டரை மூடி, ஹோஸில் இருக்கும் காற்றை எல்லாம் விட்டுவிட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். ஒன்றும் வரக் கூடாது, நாக்கை வைத்தால் ஒட்ட வேண்டும். கொஞ்சமாகக் காற்று வந்தால் டயாஃப்ரமோ எக்ஸாஸ்ட் ரப்பரோ எங்கோ கிழிந்திருக்கிறது, கீழே போனதும் ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர் வரும். அப்புறம் மவுத்பீஸ். பல்லில் கடிக்கும் இரண்டு குமிழ்களையும் விரலால் வளைத்துப் பாருங்கள், அடியில் கீறல் இருந்தால் அன்றே மாற்றுங்கள். அதைப் பிடித்திருக்கும் கேபிள் டையையும் இழுத்துப் பாருங்கள்.

மார்ச் 8

முதலில் "மூன்று செட்" என்றேன். மூன்றும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே சர்வீஸ் கிட், ஒரே ஐ.பி., உதிரி பாகங்களை மாற்றிப் போடலாம். இப்போது யோசித்தால், டெகோவுக்கான ஆக்ஸிஜன் பாட்டிலுக்கு அது தேவையில்லை என்று படுகிறது. 100 சதவீத ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே தொடவே போவதில்லை. அங்கே எம்.கே. 2 போன்ற எளிய அன்பேலன்ஸ்டு பிஸ்டனே தாராளம். உள்ளே பாகங்கள் மிகக் குறைவு, சுத்தம் செய்வதும் சுலபம். 21 மீட்டரில் எடுக்கும், 50 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவைக்கும் இதே பதில்தான். ஆக தம்பியின் பழைய ரெகுலேட்டருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஒரு நிபந்தனை. 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் என்றால் அந்த ரெகுலேட்டரை ஆக்ஸிஜனுக்கென்று சுத்தம் செய்து, அதற்கான ஓ-ரிங்கும் கிரீஸும் போட்டிருக்க வேண்டும். சாதாரண சிலிகான் கிரீஸ் கூடாது. அதன்பிறகு அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. டைட்டானியம் ரெகுலேட்டர் இதற்கு ஆகவே ஆகாது, உயரழுத்த ஆக்ஸிஜனில் அது தீப்பற்றக்கூடிய உலோகம். வால்வை எப்போதும் மெதுவாகத் திறங்கள்.

மார்ச் 8, இரவு

வலைபோல் பின்னிய லேசான ஹோஸ்கள் பற்றி: நீண்ட ஹோஸுக்கு வளைய சுகமாக இருக்கும், நானும் விரும்பித்தான் போட்டிருந்தேன். ஆனால் அவற்றில் சிலவற்றின் உள்குழாய் பாலியூரிதேன். வெப்பத்திலும் ஈரத்திலும் அது உள்ளே சிதைந்து மஞ்சள் துகளாகப் படிந்து வாயு போகும் வழியை அடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். டைவர் பாதுகாப்பு அமைப்பான டானும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் காரின் டிக்கியில் கிடக்கும் ஹோஸுக்கு இதைவிட மோசமான இடம் இல்லை. ரப்பர் ஹோஸுக்கே திரும்பிவிட்டேன். ரப்பரும் பழசாகும், ஆனால் வெளியே வெடிப்பு விட்டுக் காட்டும்.

மார்ச் 22

தம்பி வாங்கிவிட்டார். சீல் செய்த டயாஃப்ரம் இரண்டு, ஒன்று புதியது, இன்னொன்று பழையது வாங்கி சர்வீஸ் செய்தது. பழைய பிஸ்டனை டின்னுக்கு மாற்றி டெகோ பாட்டிலுக்கு ஒதுக்கியிருக்கிறார். சந்தோஷம். ட்ரைமிக்ஸ் முடியும் வரை சார்ஜென்ட்டிலேயே இறங்கப் போகிறாராம், ரொம்பச் சரி.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: "வருடா வருடம் மூன்றையும் ஒன்றாகவே சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாமா? கூரியர் செலவு மிச்சமாகும்."

வேண்டாம். ரெகுலேட்டர் கோளாறாக அதிக வாய்ப்புள்ள நேரம் சர்வீஸ் முடிந்து வந்த முதல் சில டைவ்கள். ஒரே கை, ஒரே நாளில், ஒரே கிட்டிலிருந்து இரண்டு போஸ்டையும் மாற்றினால் ஒரே தவறு இரண்டிலும் இருக்கலாம். ஒன்றைக் கொடுத்து, வந்ததும் ஐ.பி. பார்த்து, 10 மீட்டரில் சில முறை மூச்சுவிட்டு, அது நிலைபெற்ற பிறகு அடுத்ததைக் கொடுங்கள். சீசன் தொடங்கும் வாரத்தில் எதையும் கொடுக்காதீர்கள். கூரியர் காசு போனால் போகட்டும்.